குடையோடு வந்து கதவைத் தட்டியவள்

மே 26

நவம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்து. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இரண்டாவது கிடையாது. அப்பா போனில் சுருக்கமாக முடித்துவிட்டார். "இந்த வருஷம் முடியலன்னா ஊருக்கு வந்து பி.எட். சேந்துரு எழில்." பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கவேண்டிய இடத்தைச் சொன்ன பிறகு அவரிடம் பேச்சு கிடையாது.

என் துறை மானிடவியல். தலைப்பு, புதிய குடியிருப்புகளில் புதுமனை புகும் சடங்கு. இடம், திருச்சிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி முளைத்திருக்கும் பொன்னி நகர் விரிவாக்கம். அரியலூர்க்காரர், கரூர்க்காரர், புதுக்கோட்டைக்காரர் எல்லாரும் மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். எந்த ஊர் முறைப்படி பால் காய்ச்சுவது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அடுத்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு அதையே செய்கிறார்கள்.

என் நெறியாளர் பேராசிரியர் ஞானப்பிரகாசம். எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் "சரிம்மா, அதனால என்ன?" என்பார். நாலு வருஷமாக இதே கேள்வி. அவருக்கு 'அதனாலென்னார்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பழைய புலவர் வரிசையில் ஒரு ஓரமாக உட்காரவைக்கலாம்.

இன்று கிளம்பும்போது மறுபடி உபதேசம். களக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கே எழுத வேண்டும். பேனாவில்தான். பக்க எண் போட வேண்டும். அடித்தல் திருத்தல், கிழித்தல் கூடாது. அப்புறம், "நீ சுவத்துல இருக்கிற பல்லி மாதிரி இருக்கணும். பாக்கலாம், கேக்கலாம். கீழ விழுந்துடக் கூடாது. விழுந்தா அதுக்கும் நம்ம ஜனங்க பலன் பாப்பாங்க."

சரி என்று சொல்லி வந்தேன். அந்தக் குறிப்பேடு அவருக்கு. இந்த நாட்குறிப்பு என் வயிற்றெரிச்சலுக்கு. இதற்கும் பழக்கதோஷத்தில் பக்க எண் போட்டுவிட்டேன்.

மே 29

முதல் வீடு. மனை எண் ஒன்பது, தவமணி அக்கா வீடு. கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. அக்காவுக்கு ஊர் வேலை முழுவதும்.

போகும் வழியில் நாலு தெருநாய். நல்லவேளை, என் கறுப்புக் குடை கையில் இருந்தது. மழைக்கு உதவாத குடை, நாய்க்கு உதவுகிறது. வீட்டில் பசுவை உள்ளே ஏற்றினார்கள். புது டைல்ஸ் வழுக்கியதில் அது மிரண்டு, கூடத்தில் சாணி போட்டு, வாசல் வழியாகப் பாய்ந்தது. எல்லாரும் சுபசகுனம் என்றார்கள். மிதித்தது நான்தான். வெளியே டிரம் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு வருவதற்குள், மாடு திரும்ப வந்துவிடாமல் இருக்கக் கதவைத் தாழ்போட்டுவிட்டார்கள். ஒரு கையில் குடை, கக்கத்தில் நோட்டு, வெளியே நான். உள்ளே பால் அடுப்பில் ஏறிவிட்டது. மூன்று தடவை தட்டி, "வீட்டுல யாருங்க? வீட்டுல யாருங்க?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து தவமணி அக்கா, "நாங்கதான் இருக்கோம், வேற யாரு இருப்பா?" என்று ஒரு அதட்டல். அதே நேரம் பால் பொங்கி, குலவைச் சத்தம், சிரிப்பு. கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆய்வின் முதல் நாளே முக்கியமான காட்சியைக் கோட்டை விட்டேன்.

களக் குறிப்பேட்டில் "பால் பொங்கியது, குலவையிட்டார்கள்" என்று மட்டும் எழுதினேன். சாணிக் காலோடு வாசலில் நின்றதெல்லாம் ஆய்வாகுமா? கேசரி நன்றாக இருந்தது. துணி துவைக்க வேண்டும்.

மே 31

காய்ச்சல். நெற்றியில் இரண்டு கொப்புளம். விடுதிக் காப்பாளர் தூரத்தில் நின்றபடியே "வீட்டுக்குப் போயிடும்மா" என்று கும்பிட்டார்.

ஜூன் 12

மன்னார்குடி. அம்மை. இருபத்தேழு வயதில் வேப்பிலைமேல் படுத்திருக்கிறேன். சடங்கைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவளுக்கு மாரியம்மனே நேரில் வந்து செய்முறை வகுப்பு நடத்துகிறாள். மூன்றாவது தண்ணீர் இன்றுதான் ஊற்றினார்கள்.

அம்மா விசிறிக்கொண்டே தவமணி அக்கா வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். அடுப்படி எந்தப் பக்கம்? மேடை கருப்புக் கல்லா, பச்சையா? பரண் உண்டா? தலைவாசல் கதவு என்ன மரம்? நான் கவனிக்கவில்லை என்றேன். "நாலு வருஷமா இதைத்தான் படிக்கிறே, கதவு என்ன மரம்னு தெரியலயா?" என்றாள். அவளுக்கு வேறு வேலை இல்லை. இந்த வீட்டின் அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. எனக்கு அரிப்பு தாங்கவில்லை.

ஜூலை 3

திரும்பி வந்தால் ஆனி மாதம். யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அடுத்தது ஆடி, சுத்தம். வைகாசிக் கடைசியில் பொன்னி நகரில் ஏழு வீடு பால் காய்ச்சிவிட்டார்களாம். ஏழும் என் அம்மைக்கு நிவேதனம்.

அதனாலென்னாரைப் பார்த்தேன். "ஒரு வீடு பாத்திருக்கே. சரிம்மா, அதனால என்ன?" சொல்லும்போது மூக்கைத் தடவிக்கொண்டார். அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியே ஆக வேண்டும். முற்றிய முருங்கைக்காயை நடுவில் ஒடித்து ஒட்டவைத்த மாதிரி. அவர் அறைக்குள் வருவதற்கு முன் அது வந்து உட்கார்ந்துவிடும்.

ஜூலை 29

ஆடி. தள்ளுபடியில் இரண்டு சுடிதார் எடுத்ததுதான் இந்த மாதத்துக் களப்பணி.

ஆகஸ்ட் 24

ஒன்று விடாமல் எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். மனை எண் முப்பத்தொன்று, பூங்காவனம் அம்மாள் வீடு. பசு வந்து போயிற்று. பால் அடுப்பில் ஏறியது. அப்போது தவமணி அக்கா முன்னால் வந்து, ஒரு சின்னப் பெண்ணை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். அந்தப் பெண் கையில் மல்லிகைச் சரம் சுற்றிய கறுப்புக் குடை. கக்கத்தில் நாலு மூலையும் மஞ்சள் தடவிய நோட்டுப் புத்தகம். வெளியே காலை அலம்பிக்கொண்டு வந்து மூன்று முறை கதவைத் தட்டினாள். "வீட்டுல யாருங்க?" உள்ளேயிருந்து பூங்காவனம் பதில் சொன்னார்: "நாங்கதான் இருக்கோம். நாங்கதான் இருப்போம்." பால் பொங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எந்தப் புத்தகத்திலும் இந்தச் சடங்கு இல்லை. நாலு வருஷம் படித்தேன், இல்லவே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

"இது எவ்வளவு நாளா செய்யறீங்க?" என்று கேட்டேன். பூங்காவனம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதெல்லாம் காலங்காலமா உள்ளதுதானேம்மா."

செப்டம்பர் 7

இன்னும் மூன்று வீடு. மூன்றிலும் குடை, ஏடு, மூன்று தட்டு, அதே கேள்வி, அதே பதில். ஒரு வீட்டில் குடைக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் தட்டுகிற பெண் வேண்டுமென்றே சாணியை மிதித்துவிட்டுக் காலைக் கழுவினாள். அது ரொம்ப விசேஷமாம்.

ராத்தூக்கம் இல்லாமல் யோசித்ததில் பொருள் பிடிபட்டுவிட்டது. குடை என்றால் ஆட்சி. வீட்டு அதிகாரம் இல்லத்தரசிக்கு வருகிறது. ஏடு என்றால் கல்வி. சாணி என்றால் மண்ணோடு உள்ள உறவு. வெளியே நிற்பவள் நிலத்தின் பழைய சொந்தக்காரி, நிலமகள். அவள் யார் என்று கேட்கிறாள், இவர்கள் உரிமையைச் சொல்கிறார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

செப்டம்பர் 22

புரட்டாசி. நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதனாலென்னார் கண்ணை மூடாமல் படித்தார். முழுவதும் படித்தார். நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார்.

"அருமையா இருக்கும்மா. இது எங்கேருந்து வந்துதுன்னு மட்டும் புடிச்சுடு. எந்த ஊரு, எந்தக் குடும்பம். அது இருந்தா ஆய்வேடு தயார்."

அப்பாவுக்குப் போன் செய்து பி.எட். விண்ணப்பம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கிவிட்டேனே என்றார்.

அக்டோபர் 9

ஒவ்வொரு வீடாகப் போய் "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். மனை முப்பத்தொன்றுக்கு மனை இருபத்திரண்டு சொல்லியிருக்கிறது. இருபத்திரண்டுக்குப் பதினேழு. பதினேழு என்ன சொல்கிறது என்றால், "தவமணி வீட்டுல இப்படிச் செஞ்சாங்க. மூணாம் நாளு போர் போட்டதுல நூத்தெண்பது அடியில தண்ணி பீய்ச்சி அடிச்சுது. அவங்களுக்கு முந்தி பால் காய்ச்சுனவங்களுக்கு நானூறு அடியிலயும் புகைதான். அப்புறம் செய்யாம இருப்பமா?"

எல்லாக் கோடும் மனை ஒன்பதில் போய் முடிகிறது. மே 29.

அன்றைக்கு நான் அங்கேதானே இருந்தேன்! இவ்வளவு பெரிய சடங்கு என் மூக்குக்கு முன்னால் நடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தில்தான் உள்ளே நடந்திருக்க வேண்டும். என் தலையெழுத்தை நொந்துகொண்டு தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 10

காலையில் பல் துலக்கும்போது ஒரு சந்தேகம். உள்ளே எப்படி நடந்திருக்கும்? தட்டுகிறவள் வெளியே அல்லவா நிற்க வேண்டும்? அன்றைக்கு வெளியே என்னைத் தவிர யாருமே இல்லையே.

பிரஷ் வாயில் இருக்கும்போதே இந்த நாட்குறிப்பின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரு கையில் குடை. கக்கத்தில் நோட்டு. மூன்று தடவை.

நிலமகள் நான்தான்.

அக்டோபர் 11

சாப்பிடவில்லை.

அக்டோபர் 20

ஐப்பசி பிறந்துவிட்டது. தவமணி அக்காவிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம், அவரும் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தது உள்ளதை உள்ளபடி எழுதலாம் என்று போனேன். அவர் மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கதவு தட்டுற முறையை முதல்ல செஞ்சது நான்தான். தெரியாம நடந்து போச்சு."

"எது?"

"அன்னைக்கு நீங்க தாழ் போட்டுட்டீங்க. நான் குடையோட வெளியில நின்னு தட்டினேன். நீங்ககூட வேற யாரு இருப்பான்னு திட்டினீங்க."

அக்கா மிளகாயை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். "ஏம்மா, நான் என்னிக்கு யாரைத் திட்டினேன்? இது எங்க அரியலூர்ப் பக்கம் வழிவழியா செய்யறது. எங்க மாமியார் வீட்டுல எல்லாம் இப்படித்தான்."

"அப்ப அன்னைக்குத் தட்டினது யாருக்கா?"

"அது ஒரு பொண்ணு. நல்லா வாட்டசாட்டமா, இடுப்பு வரைக்கும் முடி, முகத்துல அப்படி ஒரு களை. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. பால் பொங்கினதும் காணோம்." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மைத் தழும்பு, தோள்வரை முடி. "நீ சாணியை மிதிச்சுட்டு நின்ன புள்ளதானே? நீ வேற, அது வேற."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் பூதத்தையாவது காட்டலாம். இங்கே பூதமே நான் என்று சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. மிளகாய் நெடியில் கண்ணீர் வந்தது. மிளகாய் நெடிதான்.

நவம்பர் 3

சொல்லிவிட்டேன்.

அதனாலென்னார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்த பிறகும் திறக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சடங்கு பொறந்த அன்னைக்கே கூட இருந்து பாத்தவங்க இந்தத் துறையிலயே அபூர்வம்மா. பொறந்து மூணு மாசத்துல காலங்காலமா உள்ளதுன்னு ஆயிருக்கு. இதை எழுது. நிலமகளைத் தூக்கிப் போடு."

"முடியுமா சார்?"

"முடியும். ஒரு ஆதாரம் வேணும். அந்த அம்மா ஒத்துக்க மாட்டாங்க. வீடியோ?"

"வீடியோக்காரர் மாட்டுக்குப் பின்னால ஓடிட்டார் சார்."

"அன்னைக்கே நீ எழுதின குறிப்பு போதும். களக் குறிப்பேட்டைக் கொண்டா."

அதில் பால் பொங்கியது, குலவையிட்டார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

"வேற எங்கயாவது எழுதினியா?"

மேசையைப் பார்த்தேன். அவர் விடவில்லை. "எழுதியிருக்கே. உன் முகமே சொல்லுது. முழுசாக் கொண்டா. நடுவுல ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொடுத்தா ஆய்வுக் குழு நம்பாது. அடித்தல் திருத்தல் இருந்தாலும் நம்பாது."

நவம்பர் 5

உலகத்தில் ஒரே ஆதாரம் இந்த நாட்குறிப்பு. இதில் முதல் பக்கத்திலேயே அவருக்கு வைத்த பெயர் இருக்கிறது. ஜூலை 3 இல் மூக்கு இருக்கிறது.

ஒயிட்னர் வாங்கினேன். ஜூலை 3 க்கு மேலே பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு போர்வைமேல் விழுந்தது. மூடிவைத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான். பி.எட். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பதினைந்து.

நவம்பர் 7

இதைக் கொடுக்கப் போகிறேன். சார், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், எல்லாம் மாணவப் பருவத்து அறியாமை. மூக்கு உட்பட.

நவம்பர் 19

திரும்பி வந்துவிட்டது. அறைத்தோழி இல்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். சிவப்பு மையில் ஓரக் குறிப்புகள்.

மே 26, அதனாலென்னார் என்பதற்கு எதிரே: "முப்பது வருடத்தில் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர்களில் இதுவே சிறந்தது. மற்றவை காய்கறிகள்."

மே 29 முழுவதும் அடிக்கோடு. "பல்லி விழுந்துவிட்டது. இனி பலன் எழுது. இந்தப் பக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்."

ஜூலை 3: "ஒப்புமை ஏற்கத்தக்கது. காய் முற்றியது என்பதற்குச் சான்று போதாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் ஜூன் 12 ஐப் பார்த்தேன். அம்மா அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டது, கருப்புக் கல்லா பச்சையா என்று கேட்டது, ஆணி அடிக்கக் கூடாத வீடு. நான் அரிப்பு தாங்கவில்லை என்று முடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "சரிம்மா. அதனால் என்ன?"

நாலு வருஷமாக அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேடிக்கொண்டிருந்தேன். எத்தனையோ சடங்கு இருக்க, கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் இருக்க, நான் ஏன் ஊரான் வீட்டுப் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவர் கேட்டிருக்கிறார். என்னை நானே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அழுகை வந்தது. இன்று மிளகாய் இல்லை.

நாங்கள் இதுவரை குடியிருந்தது ஒன்பது வாடகை வீடு சார். அதனால்தான்.

முன்னுரையின் முதல் வரியாக இதையே வைத்துவிட்டேன்.

நவம்பர் 28

ஆய்வேடு கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போடும்போது சார் முறுக்கு கொடுத்தார். நான் மூக்கைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 30

கார்த்திகை முகூர்த்தம். ஆய்வு முடிந்தாலும் பொன்னி நகர் அழைப்பு நிற்கவில்லை. மனை எண் நாற்பது. தட்டவேண்டிய பெண்ணுக்குப் பள்ளியில் தேர்வாம், வரவில்லை. பால் அடுப்பில் ஏறிவிட்டது. தவமணி அக்கா நாலா பக்கமும் பார்த்துவிட்டு என் கையில் குடையைத் திணித்தார். "நீ கல்யாணம் ஆகாத பொண்ணுதானே? வெளிய போ."

கதவு சாத்தினார்கள். நான் காலை அலம்பிக்கொண்டு மூன்று முறை தட்டினேன். "வீட்டுல யாருங்க?"

கதவு ஒரு சாண் திறந்தது. அக்காவின் முகம். "இப்படியா தட்டுறது? மொதல்ல வலது கை. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல மூச்சு விடணும். குடையைச் சாய்ச்சுப் புடி. உனக்கு முறையே தெரியலயேம்மா, என்னத்தைப் படிச்சே?"

"இல்லக்கா, இது..."

"பேசாம சொன்னதைச் செய். பெரியவங்க காரணமில்லாமயா வச்சிருப்பாங்க?"

கதவு மறுபடி மூடிக்கொண்டது. வலது கையால் தட்டினேன். மூச்சு விட்டேன். குடையைச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளேயிருந்து அந்த வீட்டுக்காரியின் குரல் கொஞ்சம் நடுங்கி வந்தது. "நாங்கதான் இருக்கோம். நாங்கதான் இருப்போம்." பால் பொங்கியது. இந்தத் தடவையும் நான் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் தலைவாசல் கதவு என்ன மரம் என்றாள்.

"வேங்கைம்மா. ஆறு தடவை தட்டியிருக்கேன், தெரியாதா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். குடையை, கேள்வியை, பதிலை. பக்கத்தில் அப்பா என்னவாம் என்று கேட்பது கேட்டது.

"நம்ம வீட்டுக்கு நீ வெளிய நிக்காதே எழில். யாராவது தட்டட்டும். நீ எங்ககூட உள்ள நின்னு பதில் சொல்லணும்."

"நாம எப்பம்மா வீடு கட்டப்போறோம்?"

"அது கட்டுறப்ப கட்டிக்கலாம். நீ பதிலைப் பழகி வை."